பெயர் தெரியாதவர்க்கும் ஒரு பட்டியல்

உரைத்தரவுகளைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேமித்து ஆராயும் மொழியியல் மாணவர், அதன் கட்டளைவரிக் கருவியான பீஎஸ்கியூஎல்லில் முதலில் அறிய விரும்புவது, என்னென்ன ஃபங்ஷன்கள் உள்ளன என்பதையே. பின்சாய்கோடிட்டு ‘டிஎஃப்’ எனத் தட்டினால், புதிய தரவுத்தளத்தில் வெற்றுப் பட்டியலே வரும். 2009இல் வெளிவந்த 8.4 பதிப்பு முதல், பயனர் உருவாக்கியவை மட்டுமே இயல்பாகக் காட்டப்படுகின்றன. பெரிய ‘எஸ்’ சேர்த்தால் உள்ளமைந்தவை ஆயிரக்கணக்கில் வந்து குவியும். இந்த வசதியே இல்லையென்று முடிவுகட்டி, தரவு முழுவதையும் வெளியே எடுத்துத் தனி நிரல் எழுதியோரைக் கண்டிருக்கிறேன்.

பெயர் தெரிந்தாலும் சிக்கல் தீராது. ‘சப்ஸ்ட்ரிங்’ என்ற ஒரே பெயரில் எட்டு ஃபங்ஷன்கள் உள்ளன. அவற்றைப் பிரித்துக் காட்டுவன உள்ளீட்டின் வகையும் எண்ணிக்கையுமே. பலபொருள் ஒருசொல்லை வினை, இனம், சார்பு கொண்டு தெளியச் சொல்லும் தொல்காப்பியக் கிளவியாக்கத்தைப் பயின்றவர்க்கு இது புதிதன்று.

2021இல் வந்த 14ஆம் பதிப்பு இவ்வழியைத் திறந்தது. பெயரையடுத்து ‘டெக்ஸ்ட்’ என்று உள்ளீட்டு வகையையும் எழுதினால், எட்டு நான்காகச் சுருங்கும். பெயருக்குப் பதில் உடுக்குறி இட்டு, ‘எஸ்’ஸும் சேர்த்தால், உரையை முதல் உள்ளீடாக ஏற்கும் அனைத்தும் கிடைக்கும். தரவுத்தளம் கற்பிப்போர் முதல் வகுப்பிலேயே இக்கட்டளையைச் சொல்லித்தருவது நலம்.