அளவும் உருவமும்

ஓர் உருவத்தைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். ஆயினும், அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் மாறுமாயின் அவ்வுருவம் தன் இயல்பை இழந்துவிடும்.

மூதாட்டி ஒருவர், மறைந்த தம் கணவரின் நிழற்படத்தை வீட்டிலிருந்த சதுரச் சட்டத்தில் பொருந்துமாறு அமைத்துத் தரும்படி படக்கடை ஒன்றில் வேண்டினார். கணினியில் அப்படம் 2000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் உடையதாய் இருந்தது. அங்குப் பணிபுரிந்த இளைஞன், எண்ணிப் பாராமல் உயரத்தை மட்டும் 2000 ஆகக் குறைத்தான். படம் சதுரமாயிற்று; ஆனால் மெலிந்த முகம் பருத்துத் தோன்றியது. அதனைக் கண்ட மூதாட்டி, “தம்பி, இவர் யார்?” என்று வினவினார். இளைஞன் நாணித் தலை குனிந்தான்.

கடைக்குரிய பெரியவர் அவனை அருகழைத்து, ‘கிம்ப்’ என்னும் படத்திருத்த மென்பொருளைத் திறந்து காட்டினார். அதில் அகலம், உயரம் என்னும் ஈரெண்களின் அருகே சிறு சங்கிலிக் குறி ஒன்று உண்டு. சங்கிலி பிணைந்திருக்குமாயின், ஓர் எண்ணை மாற்றியதும் மற்றதும் அதற்கேற்ப மாறும். அகலம் 1000 ஆனால் உயரம் 1500 ஆகும். 2:3 என்னும் விகிதம் பிறழாது.

“சதுரம் வேண்டுமெனின், தலைக்கு மேலும் மார்புக்குக் கீழும் உள்ள பகுதியை வெட்டி நீக்குக. ஓரத்தை இழக்கலாம், முகத்தை இழக்கலாகாது” என்றார் பெரியவர்.

நல்வாய்ப்பாக மூலப்படம் அழியாதிருந்தது. இளைஞன் அதனைக் கொண்டு மீண்டும் பணியைத் தொடங்கி, செம்மையாய் முடித்தான். மூதாட்டி புதிய படத்தை நெடுநேரம் நோக்கினார். பின்னர் ஒன்றும் உரையாது, அதனைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.