அல்வா வழக்கு: தண்ணீரா, நெய்யா, கையா?

திருநெல்வேலியில் நல்ல அல்வா எது என்ற வழக்கு நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னாலும் நடக்கும். நாற்பது வருஷத்துக்கு மேல் கேட்டாகிவிட்டது. எழுத்தராக வேலை பார்த்தவனுக்கு எந்த விவகாரமும் மனசில் ஒரு கோப்பாகத்தான் விரியும். இரு தரப்பும் சொல்வதைக் குறித்துக்கொண்டு, கடைசியில் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். இந்தக் கோப்பில் மட்டும் தரப்பு இரண்டோடு நிற்கவில்லை, நான்கு இருக்கிறது.

முதல் தரப்பு, கடைக் கட்சி. இவர்களுக்கு எந்தக் காரணமும் வேண்டாம், கடைப் பெயர் போதும். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடையைச் சொல்லுவார்கள். மாலை ஐந்து மணிவாக்கில் திறந்து, அல்வா தீர்ந்ததும் மூடிவிடுகிற கடை. மங்கலான ஒரே விளக்கில் வியாபாரம் செய்ததால் வந்த பெயர், ஊரெல்லாம் மின்விளக்கு வந்த பிறகும் ஒட்டிக்கொண்டது. இன்னொருவர் லாலா கடையைச் சொல்லுவார். நம் பக்கத்தில் மிட்டாய்க் கடைக்கே லாலா கடை என்றுதான் பெயர். வடக்கேயிருந்து வந்த சிங் குடும்பத்தார் தொடங்கிய தொழில் இது. காசிக்குப் போன சொக்கம்பட்டி ஜமீன்தார் அங்கே அல்வாவின் ருசியில் மயங்கி, சமையல்காரர்களைக் கையோடு அழைத்து வந்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அல்வா என்ற சொல்லே அரபியில் இருந்து வந்தது. சொல் அரபு, கை வடநாடு, கோதுமையும் நம் வயலில் விளைவதில்லை. அப்படியானால் இதில் திருநெல்வேலி எங்கே இருக்கிறது?

அங்கேதான் இரண்டாவது தரப்பு எழுந்திருக்கும். தண்ணீர்க் கட்சி. என்னோடு வேலை பார்த்த அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் இந்தக் கட்சியின் ஆயுள் உறுப்பினர். "பொதிகை மலைத் தண்ணி இல்லேன்னா அது வெறும் களி, பாத்துக்கிடுங்க" என்பார். மூன்றாவது, நெய்க் கட்சி. அதற்குத் தலைவர் பாளையங்கோட்டைக்காரர். "தண்ணி என்னவே தண்ணி? நெய்ய ஊத்துனா எவனும் கிண்டுவான்" என்று ஒரே போடு. நான்காவது, கைக் கட்சி. டவுனில் இருந்து வந்த ஒருவர், கடைசியாகப் பேசினாலும் அழுத்தமாகப் பேசுவார்: "எல்லாத்தையும் குடுத்து ஒம்ம கிண்டச் சொன்னா என்னவே வரும்? கை வேணும்."

கொக்கிரகுளத்தில் எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்து டீக்கடையில் இந்த நாலு கட்சிக்கும் தினமும் சட்டசபை கூடும்.

வழக்கை எடைபோட அல்வா எப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டும். சம்பா கோதுமையை இரவெல்லாம் ஊறப்போட்டு, மறுநாள் ஆட்டி, பால் பிழிவார்கள். ஒரு தடவை பிழிந்தால் போதாது. சக்கையில் தண்ணீர் விட்டு இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுத்து, துணியில் வடிகட்டி, அப்படியே அசையாமல் வைக்க வேண்டும். சில மணி நேரத்தில் கெட்டிப்பால் அடியில் தங்கும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரை இறுத்துக் கீழே கொட்டிவிடுவார்கள். பிறகு பெரிய உருளியில் சர்க்கரைப் பாகு. அந்தச் சிவப்பு நிறம் சாயத்தில் வருவதல்ல, சர்க்கரையைக் கருக்கும் பக்குவத்தில் வருவது. கோதுமைப்பாலை ஊற்றியது முதல் துடுப்பு நிற்கக் கூடாது. நின்றால் அடிப்பிடிக்கும், கட்டி தட்டும். நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட விட அல்வா அதைக் குடித்துக்கொண்டே போகும். பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு, குடித்த நெய்யைத் திருப்பிக் கக்க ஆரம்பித்தால் இறக்கலாம். கால் மணியில் முடிகிற வேலையல்ல, தோள் கழன்று போகும். என் வீட்டில் ஒரு தீபாவளிக்கு நானும் மனைவியும் மாறி மாறிக் கிண்டியதில், மறுநாள் இரண்டு பேருக்கும் வலது கை தூக்க வரவில்லை.

இப்போது ஒவ்வொரு கட்சியாகப் பார்ப்போம்.

நெய்க் கட்சி சொல்வதில் பாதி உண்மை. நல்ல நெய் இல்லாமல் அல்வா இல்லை. ஆனால் பணம் கொடுத்தால் நெய் எந்த ஊரிலும் கிடைக்கும். அதனால் மட்டும் ஓர் ஊருக்குப் பெயர் வந்துவிடாது. கோதுமைப்பாலுக்குப் பதில் மைதாவையோ சோள மாவையோ கரைத்துவிட்டு, அதன்மேல் எத்தனை நெய் ஊற்றினாலும் வாயில் பசைதான் வரும். வழுக்கிக்கொண்டு போகும் அந்த மென்மை கோதுமைப்பால் கொடுப்பது.

கைக் கட்சிக்கு வலுவான சாட்சி உண்டு. இங்கிருந்து போன கை தேர்ந்த சமையல்காரர்கள் சென்னையில் கிண்டினாலும் அல்வா நன்றாகத்தான் வருகிறது. அங்கே தாமிரபரணி ஓடவில்லை.

தண்ணீர்க் கட்சிக்கு எதிராகப் பாளையங்கோட்டைக்காரர் ஒருநாள் எடுத்து வைத்த வாதம் இன்றும் நினைவிருக்கிறது. தூத்துக்குடி நகரமும் வல்லநாட்டிலிருந்து குழாய் வழியாகப் போகிற இதே தாமிரபரணித் தண்ணீரைத்தான் குடிக்கிறது. அங்கே பெயர் வாங்கியது மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை, அவ்வளவுதான், அதில் தண்ணீருக்கு வேலையே இல்லை. "தண்ணிதான் காரணம்னா தூத்துக்குடியில ஏம்வே அல்வா இல்ல?" என்று கேட்டதும் அம்பாசமுத்திரத்துக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் பதிலோடு வந்தார்: "கோதுமை ஊறுறது எதுல? ஆட்டுறது எதுல? பால் எடுக்கறது எதுல? உப்புத் தண்ணியில பருப்பே வேகல, கோதுமை மட்டும் ஒழுங்கா பால் விட்டுருமோ?" அதிலும் நியாயம் இருக்கிறது. இறுத்துக் கொட்டுவது போகவும், கடைசி வரை பாலோடு கலந்தே நிற்கிறது கொஞ்சம் தண்ணீர்.

இதை ஒருமுறை பரீட்சையும் செய்து பார்த்தோம். ஒரு நண்பரின் பதவி உயர்வு விருந்துக்கு மூன்று கடைகளில் இருந்து கால் கால் கிலோ வாங்கி, கடைப் பெயர் தெரியாமல் மூன்று வாழையிலைத் துண்டில் வைத்து, பதினோரு பேருக்குக் கொடுத்தோம். தன் கடையைத் தன் நாக்கு அடையாளம் காணும் என்று சத்தியம் செய்தவர்களில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலோர் கைகாட்டியது ஒரே இலையை. வாங்கி வந்த பையனைக் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்தக் கடையில் அப்போதுதான் உருளியை இறக்கியிருந்தார்கள். மற்ற இரண்டும் காலையில் கிண்டியது. என்னைக் கேட்டால் இந்தக் கோப்பில் கிடைத்த ஒரே நேரடிச் சாட்சியம் அதுதான். கடைக்கும் கடைக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, சூட்டுக்கும் ஆறியதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. நெய் இளகி நிற்கும்போது நூறு கிராம் வாங்கி, கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டு, மேலே ஒரு வாய் மிக்சர் போட்டுக்கொள்கிற சுகம் பொட்டலத்தில் கட்டிக் கொண்டுபோனால் வராது. கிண்டிய அன்றே தீர்ந்துபோகிற அளவுக்குக் கூட்டம் இருப்பதுதான் நம் ஊர்க் கடைகளின் பெரிய பலம்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இருக்கும் பேரன் சொல்கிறான், அங்கே ஒவ்வோர் ஊரிலும் ஹாம்பர்கருக்காக இதே மாதிரி வாக்குவாதம் நடக்குமாம். நியூ ஹேவன் என்ற ஊரில் லூயிஸ் லஞ்ச் என்று ஒரு பழைய கடை. 1900-இல் முதன்முதலில் ஹாம்பர்கர் செய்தது நாங்கள்தான் என்று உரிமை கொண்டாடுகிறார்கள். அங்கே போய்த் தக்காளி சாஸ் கேட்டால் தர மாட்டார்கள். அல்வாவில் எதையாவது கூடுதலாகப் போட்டால் முகம் சுளிக்கிற நம் டவுன் பெரியவர்களை நினைத்துக்கொண்டேன். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு அந்தப் பண்டம் உலகமெல்லாம் சுற்றுகிறது. ஆனால் அதைச் சாப்பிட யாரும் ஹாம்பர்க் போவதில்லை. நம் அல்வாவுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. எந்த பஸ் ஸ்டாண்டில் 'திருநெல்வேலி அல்வா' பலகை தொங்கினாலும், அசல் வேண்டும் என்கிறவர் இங்கேதான் வருகிறார்.

நான் பள்ளிப் படிப்பைப் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் 'டெர்வார்' என்று ஒரு சொல் உண்டு. மண், நீர், காற்று, வெயில், அங்கே தலைமுறையாக இருக்கிற மனிதர்களின் பழக்கம், எல்லாம் சேர்ந்து ஒரு பொருளுக்குக் கொடுக்கும் குணத்தை ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். ரோக்ஃபோர் என்ற ஊரின் குகைகளில் பக்குவப்படுத்தும் பாலாடைக்கட்டிக்கு 1925-லேயே சட்டப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். வேறு ஊரில் செய்ததற்கு அந்தப் பெயரை வைக்க முடியாது. நம் நாட்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் வந்தது. அதன்படி ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-இலும் குறியீடு பெற்றன. டீக்கடையில் அம்பாசமுத்திரத்துக்காரர் 'தண்ணி, தண்ணி' என்று அடித்துக்கொண்டது இந்த டெர்வாரைத்தான். அவருக்கு அந்தச் சொல் தெரியாது, அவ்வளவே.

இனி என் குறிப்பு. ருசிக்கு நேரடிக் காரணம் கோதுமைப்பாலும், நிற்காத துடுப்பும், இறக்கின சூடும். நெய் அடுத்தது. தண்ணீர்க் கட்சி தன் வாதத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கட்சியைத் தள்ளுபடி செய்ய எனக்கு மனசில்லை. கை காரணம் என்றால் பெருமை சமையல்காரருக்கு, பக்குவம் காரணம் என்றால் கடைக்காரருக்கு. தண்ணீர் காரணம் என்றால்தான் அல்வாவே கிண்டத் தெரியாத நமக்கும் அந்தப் பெருமையில் ஒரு பங்கு கிடைக்கிறது. வெளியூர் சம்பந்தியிடம் "எங்க ஆத்துத் தண்ணி அப்படி" என்று நெஞ்சை நிமிர்த்தலாம்.

பெருமையில் பங்கு கேட்கிறவன் கடனிலும் பங்கு ஏற்க வேண்டாமா? பொதிகையில் பிறந்து, புன்னைக்காயலில் கடலில் சேருகிறது தாமிரபரணி. சுமார் 128 கிலோமீட்டர்தான். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும் வரை, ஒரே மாவட்டத்துக்குள் பிறந்து முடிந்த ஆறு. இரண்டு பருவ மழையிலும் தண்ணீர் வருவதால் வற்றாத ஆறு என்று பெயர். அந்த ஆற்றில் பாபநாசத்தில் முழுக்குப் போட்டுவிட்டுப் பழைய துணியை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். பாவம் போகிறதோ இல்லையோ, துணி போவதில்லை, அடியில் கிடக்கிறது. நகரத்துச் சாக்கடை கலக்கிறது. 2018-இல் மகா புஷ்கரம் என்று லட்சக்கணக்கில் வந்து வணங்கினோம். கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே 2024-இல் நெல்லைக்கு வந்து கரையைப் பார்க்க வேண்டியிருந்தது. அல்வாவின் ரகசியம் இந்தத் தண்ணீர்தான் என்று நாம் மனசார நம்பியிருந்தால், உருளியில் சாக்கடையை விடுவோமா?

எங்கள் டீக்கடைக்குப் பக்கத்தில்தான் 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலம். அதைக் கட்டச் சொந்தப் பணத்தைக் கொடுத்தவர் ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்தவர். எங்களை மாதிரி கோப்பு பார்த்த மனிதர்தான். ஆற்றைப் பற்றிப் பேசுவதோடு நிற்காமல், அதற்கென்று கையிலிருந்ததைக் கொடுத்தார். அவரளவுக்கு நம்மால் முடியாது. துணியை ஆற்றில் விடாமல் இருக்கவும், தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று மாநகராட்சிக் கூட்டத்தில் கேட்கவும் முடியும். இந்த வயதில் மனு எழுதவாவது நமக்குக் கை வரும்.

அந்த நாலு கட்சியில் இப்போது உயிரோடு இருப்பது நானும் பாளையங்கோட்டைக்காரரும்தான். இரண்டு பேருக்கும் சர்க்கரை. போன மாதம் வந்திருந்தார். மருமகள் ஆளுக்கு ஒரு சுளை அளவு அல்வா, சூடுபண்ணி வைத்தாள். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர், "தண்ணியிலயும் ஏதோ இருக்குவே" என்றார். முப்பது வருஷத்து வாதம். கேட்க வேண்டியவர் இல்லை.