சோம்பேறிக்கு எத்தனை மைக்ரோகிராம்?

எங்களுக்குச் சோம்பேறிப் பட்டம் கொடுக்கறதுக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்ப்பதில்லை. விடியலில் கழனியில் இறங்கி இருட்டும்வரை குனிந்து நாத்து நட்டவளைத்தான் வரப்பில் நின்ற ஆண்டை சோம்பேறி என்றான். அந்தச் சொல்லைக் கேட்டே காலம் தள்ளியவள் என் அம்மா. படித்து, அரசு அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்த எனக்கும் அதே சொல்தான். கொஞ்சம் மெதுவாக, முதுகுக்குப் பின்னால். "கோட்டாவுல வந்தது அப்படித்தான் இருக்கும்."

2017இல் எனக்கு 39 வயது. மாடிப்படி ஏற முடியாத அசதி. முடி கொட்டியது, குரல் கரகரத்தது, மாதவிலக்கு பத்து நாளாகியும் நிற்கவில்லை. ரத்தம் பார்த்தார்கள். டி.எஸ்.எச். 38. சுமார் 4க்குள் இருக்க வேண்டியது.

கழுத்திலுள்ள தைராய்டை வேலை வாங்க, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்புவதுதான் டி.எஸ்.எச். வரப்பு மேஸ்திரி மாதிரி. வேலை நடக்கலன்னா இன்னும் உரக்கக் கத்துவான். 38 என்பது அந்தக் கத்தல். கத்திப் பயனில்லை. சுரக்காத தைராக்சினை மாத்திரையாகக் கொடுத்தால்தான் அடங்கும். அந்த மருந்தை 1927இலேயே ஹாரிங்டன், பார்ஜர் என்ற இருவர் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். அம்மா பிறப்பதற்கு முன்பே. கடைசி வருசங்களில் அவள் முகம் ஊதி, குரல் கட்டி, சித்திரை வெயிலிலும் போர்வை கேட்டாள். யாரும் அவளுக்கு ரத்தம் எடுக்கல.

டவுன் டாக்டர் எனக்கு 50 மைக்ரோகிராம் எழுதினார். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் எழுதி, "ரெண்டையும் காலையிலயே போட்டுடு" என்றார். ஆறு வாரம் கழித்து 21. 75 ஆக்கினார். 17. அப்புறம் 100. அப்போதும் 14. சீட்டிலிருந்து நிமிராமலே சொன்னார்: "உங்களுக்கெல்லாம் மாத்திரைய ஒழுங்கா முழுங்கற பழக்கமே கிடையாது."

ஒரு நாள் தவறாமல் முழுங்கியவள் நான். எதிரில் இருந்தது நான் ஒருத்தி. அந்த 'எல்லாம்' யார்? அவர் என் கழுத்தைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

அரசு மருத்துவமனையில் ஒரு நர்சக்காதான் முதன்முதலாகக் கேட்டார்: "எப்பம்மா போடற? கூட வேற என்ன போடற?" சொன்னேன். "இரும்பு அதைப் புடிச்சி வச்சிக்கும்மா, உடம்புல ஏறவுடாது. தைராய்டு மாத்திரைய வெறும் வயித்துல தண்ணியில போடு. டீ கூட ஒரு மணி நேரம் கழிச்சிதான். இரும்பு, கால்சியம் எல்லாம் நாலு மணி நேரம் தள்ளி."

இரும்பை ராத்திரிக்கு மாற்றினேன். சில வாரத்தில் வேறு கூத்து. நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, தூக்கம் போனது. டி.எஸ்.எச். 0.1. அதுவரை சரியாக ஏறாத 100 இப்போது ஏறிவிட்டது. அளவு மிஞ்சிக்கொண்டே போனால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். அங்கிருந்த டாக்டரம்மா 75க்குக் குறைத்தார். உடனே ரத்தம் பார்க்க வேண்டாம் என்றார். உடம்பில் இந்த மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். புது அளவு நிலைக்க ஆறு வாரமாவது வேண்டும். எட்டாவது வாரம் 2.1.

முன்பு போதாத அதே 75தான். ஆக, அளவு என்பது சீட்டில் எழுதும் எண் மட்டுமல்ல. அவள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள், எதோடு முழுங்குகிறாள் என்பதும் சேர்ந்ததுதான் அளவு. நாலரைக்கு எழுந்து டீயை ஊற்றிக்கொண்டு நடவுக்கு ஓடுகிறவளிடம் 'ஒரு மணி நேரம் சும்மா இரு' என்றால் எப்படி? ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரம் கழித்துப் போடவும் வழி உண்டு. ஆனால் அவளை ஒரு வார்த்தை கேட்டால்தானே அந்த வழி தெரியும்.

போன மாதம் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேரை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். ஒருத்திக்கு 22. சீட்டை வாங்கிக்கொண்டு அவள் எழுந்திருக்கவில்லை. "எதோட முழுங்கக்கூடாது சார், அதைச் சொல்லுங்க" என்றாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.