தெரியுதா என்று கேட்காதீர்கள்: நாவலூர்க் குறிப்புகள்

அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுகிறார்கள்: "என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்." பாசத்தில் கேட்பதுதான். ஆனால் டிமென்ஷியா வந்தவருக்கு அது பரீட்சை. விடை வரவில்லை என்பது அவருக்கே தெரிகிறது. முகம் சுருங்கிவிடும், வந்தவர் கிளம்பும்வரை வாய் திறக்க மாட்டார். உள்ளே வரும்போதே, "பெரியப்பா, நான் உங்க தம்பி மக, நீடாமங்கலத்துலேருந்து வர்றேன்" என்று சொல்லிவிட்டால் போதும். "வாம்மா, சாப்டியா?" என்று அவர் பேச்சைத் தொடங்கிவிடுவார்.

●

டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமரில் முதலில் அடிவாங்கும் மூளைப் பகுதிகளில் ஒன்று ஹிப்போகேம்பஸ். புதிய நினைவுகளைப் பதியவைப்பது அதன் வேலை. அதனால்தான் காலையில் சாப்பிட்ட இட்லி நினைவில் நிற்பதில்லை, இளவயதில் பார்த்த வேலை நிற்கிறது. "இப்பத்தானே சொன்னேன்" என்று அலுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. சொன்னது அவருக்குள் பதியவே இல்லை. நாலாவது முறை கேட்டாலும் அவருக்கு அது முதல் முறைதான்; நம் பதிலும் முதல் முறை சொன்ன அதே குரலில் இருக்க வேண்டும்.

●

ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு, 2014-இல் வெளியானது. அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படக்காட்சிகளையும் சிரிப்பூட்டும் காட்சிகளையும் காட்டினார்கள். பார்த்த கொஞ்ச நேரத்திலேயே காட்சிகள் பெரும்பாலும் மறந்துபோயின. சோகமும் மகிழ்ச்சியும் மட்டும் அதன் பிறகும் நெடுநேரம் மனதில் நின்றன. காரணம் தெரியாத துக்கம்! காலையில் யாரோ அதட்டியது அப்பாவுக்கு நினைவில்லை. அந்த வருத்தத்தோடு மதியம்வரை உட்கார்ந்திருக்கிறார். எதைச் சொன்னோம் என்பதைவிட எப்படிச் சொன்னோம் என்பதுதான் அவரிடம் தங்குகிறது.

●

அப்பா சோழன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்தவர். தஞ்சாவூர் - திருவாரூர் தடம். இப்போது சென்னையை அடுத்த நாவலூரில் எங்களோடு இருக்கிறார். சாயங்காலம் வீட்டுப் பக்கம் ஓ.எம்.ஆர் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி ஹாரன் அடிக்க ஆரம்பித்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளாது. "கலெக்‌ஷன் கட்டணும், டிப்போவுல காத்துக்கிட்டிருப்பாங்க." நீங்கள் ரிட்டயராகி எவ்வளவோ காலமாகிவிட்டது என்று விளக்கினால் பதற்றம்தான் கூடும். அடுத்தவன் பணம் தன் கையில் இருக்கிறது என்பது அவர் கவலை. அது நேர்மையான மனிதரின் கவலை.

பழைய தோல் பையைச் சில்லறையோடு எடுத்துவந்து மடியில் வைக்கிறேன். நாணயங்களை மேஜைமேல் கொட்டுகிறார். ஒரு ரூபாய் தனி, இரண்டு ரூபாய் தனி, ஐந்து தனி. ரூபாய்த் தாள்களை நீளவாக்கில் மடித்து, இடக்கை விரலிடுக்குகளில் மதிப்புவாரியாகச் செருகிக்கொள்கிறார். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிற அதே விரல்கள். நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்.

"எங்கம்மா எறங்கணும்?"

"நீடாமங்கலம் ஒண்ணு குடுங்க."

"சில்லறையா குடும்மா. சாலியமங்கலம், அம்மாப்பேட்டை, கோவில்வெண்ணி, அடுத்தது நீடாமங்கலம். தூங்கிடாதே."

வரிசை ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் மகள் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவிருந்ததா, தெரியாது. ஒரு பயணியாக அவரிடம் பேசினேன், அவரும் பேசினார். அன்றைக்கு நாங்கள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

●

பொழுது சாய்கிற நேரத்தில் குழப்பமும் அலைச்சலும் கூடுவது இந்த நோயில் பரவலாகக் காணப்படுவது. இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுகிறோம். அடுக்குமாடியில் பெரிய கண்ணாடி ஜன்னல். வெளியே இருட்டினால் அதில் தன் உருவமே தெரியும், யாரோ அந்நியன் நிற்கிறான் என்று பயப்படுவார். திரையை இழுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்கிறது.

●

"உங்கம்மா எங்கே, இன்னும் காணோம்?" பதில் சொல்லக் கடினமான கேள்வி இது. இறந்துவிட்டார் என்று ஒவ்வொரு முறையும் சொன்னால் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அம்மா ஞாபகமா இருக்காப்பா? அவங்க வச்ச குழம்புல உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்கிறேன். அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார், தேடல் மெல்ல அடங்குகிறது. அமெரிக்காவில் நவோமி ஃபைல் என்பவர் முதியோர் இல்லங்களில் பல்லாண்டு வேலை செய்து, 1982-இல் இந்த அணுகுமுறை பற்றிப் புத்தகமே எழுதினார். திருத்தாதே, அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் உணர்ச்சிக்குக் காது கொடு என்பதே அதன் சாரம்.

●

பேசுவதற்கு முன்: டிவியை அணைக்க வேண்டும். பின்னாலிருந்து கூப்பிடாமல், எதிரே வந்து, கண்ணுக்கு நேராக உட்கார வேண்டும். காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா, கண்ணாடி துடைத்திருக்கிறதா பார்க்க வேண்டும். காது கேட்காததை மறதி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம். "காப்பியா, டீயா, ஹார்லிக்ஸா, இப்பவா, குளிச்சிட்டா?" என்று அடுக்காமல், டம்ளரைக் காட்டி "காப்பி குடிக்கலாமாப்பா?" என்று கேட்டால் தலையாட்டுவார். பதில் வர நேரமாகும். அந்த இடைவெளியை நாம் பேசி நிரப்பக் கூடாது.

ஒரே நாளில் திடீரென்று குழப்பம் முற்றினால் அது நோயின் வளர்ச்சி என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புது மாத்திரை எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

●

பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்வது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண். இந்தப் பக்கத்துக் குடியிருப்புகளில் பல வீடுகளில் இதுதான் நிலைமை. அவளுக்குத் தமிழ் சில சொற்கள்தான். அப்பாவுக்குத் தமிழைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் சொன்னால் குளிக்க வருகிறார். அவள் "வாங்க" என்று கையை நீட்டிவிட்டு அவர் பிடிக்கும்வரை நிற்கிறாள், இழுப்பதில்லை.

●

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023-இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. சென்னையில் 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனநல அமைப்பு டிமென்ஷியாவுக்கென்று தனியாகவும் பணி செய்கிறது. லண்டனில் உருவான, குழுவாக உட்கார்ந்து பேசும் சிகிச்சை முறை ஒன்றைத் தமிழுக்கு ஏற்றபடி அமைத்ததும் அவர்கள்தான். அதில் எனக்குப் பிடித்த விதி: தகவல் கேட்காதே, கருத்துக் கேள். "இது என்ன பழம்?" என்பதற்கு விடை தப்பலாம். "பூவனா, ரஸ்தாளியா, உங்களுக்கு எது ருசி?" என்பதற்குத் தப்பான விடையே கிடையாது.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் மனம் உடையும். முதியோருக்கான உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 14416. தமிழிலேயே பேசலாம்.

●

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று எழுதிப் போட்டது: "அப்பாவைத் தனியாக லிஃப்டிலோ கேட் அருகிலோ பார்த்தால் வழிமறிக்காதீர்கள், 'எங்க போறீங்க?' என்று அதட்டாதீர்கள். 'வணக்கம் கண்டக்டர் சார், நான் பக்கத்து பிளாக்' என்று நீங்களே சொல்லிவிட்டு, கூட நாலடி நடந்து பேச்சுக் கொடுங்கள். நடந்துகொண்டே எனக்குப் போன் செய்யுங்கள். உடனே கீழே வந்துவிடுகிறேன்."