சுங்கானும் வெறும் புகையிலையும்

மாலையில் விடைத்தாள்களைத் திருத்தி முடித்ததும் சுங்கானில் புகையிலை நிரப்புவது என் நெடுநாள் வழக்கமாயிருந்தது. நண்பர்கள் பரிசளித்த வனிலா, செரி மணமூட்டிய புகையிலைகள் மூக்கை மயக்கின, நாவில் நிற்கவில்லை. வெறும் வெர்ஜீனியா இலையோ, சூட்டறையில் பழுத்து உலரும்போது தன் மாப்பொருளே சர்க்கரையாய் மாறுவதனால், இயல்பாகவே இனிப்பது. விரைந்து இழுத்தால் நாவைச் சுடும். ஆறுதலாக இழுத்தால் வைக்கோல் மணம் கமழும். பொறுமையை எனக்குக் கற்பித்த ஆசான் அதுவே.

இதனை ஒருநாள் பெருமையுடன் விளக்கியபோது, "அப்பா, மணமூட்டாத இலையென்றால் புற்றுநோய் வராதா?" என்று கேட்டாள் என் மகள். பிறர் பிள்ளைகளின் ஐயங்களையெல்லாம் தீர்க்கும் ஆசிரியனுக்கு விடை தெரிந்திருந்தது. சொல்லத்தான் நா எழவில்லை. சுங்கானைத் துடைத்து வைத்தேன். இன்றும் அது மேசைமேல் வெறுமையாய்க் கிடக்கிறது. மாலையானால் கை மட்டும் அதனைத் தேடுகிறது.