பாட்டில் அடியில் நின்ன தண்ணி

போன ஐப்பசி. குறுவை அறுத்த வயல்ல தாளடிக்குச் சேறு கலக்கிக்கிட்டு இருந்தேன். நாத்து பறிச்சுக் கட்டியாச்சு. மறுநாள் காலையில் நடவுக்கு ஆள் சொல்லியாச்சு. ரெண்டாவது சுத்துல டிராக்டர் விட்டு விட்டு இழுத்துது, வெள்ளைப் புகை கக்கிட்டு நின்னுபோச்சு. திரும்ப ஸ்டார்ட் பண்ணா ஓடும். சேத்துல இறங்கி இழுத்தா நிக்கும்.

முதல் நாள் கேன்ல டீசல் வாங்கி ஊத்துனது பக்கத்து வீட்டுப் பையன். "என்னடா கலந்து வாங்கியாந்த?"ன்னு நாலு பேர் முன்னால கேட்டுட்டேன். "பங்க்ல புடிச்சத அப்படியே ஊத்துனேன் மாமா"ன்னான். முகம் சுண்டிப்போச்சு அவனுக்கு.

மெக்கானிக் தம்பி வந்தார். இஞ்சினைத் தொடவே இல்லை. ரெண்டு காலி கண்ணாடி பாட்டில் கேட்டார். பில்டருக்கு அடியில இருக்கிற திருகைத் தளர்த்தி வடிஞ்சதை ஒண்ணுல பிடிச்சார். கேன்ல மிச்சமிருந்த டீசலை இன்னொண்ணுல ஊத்தினார். ரெண்டையும் வரப்புல வச்சுட்டு டீ குடிச்சோம். குடிச்சு முடிச்சுப் பார்த்தா, முதல் பாட்டில்ல மேல மஞ்சளா டீசல், அடியில ரெண்டு விரக்கடை தண்ணி, நடுவுல கோடு போட்ட மாதிரி. ரெண்டாவது பாட்டில் மேலிருந்து கீழ வரை தெளிவு.

"தண்ணி டீசலை விட கனம், அடியில தங்கிரும். பங்க்ல இருந்து வந்திருந்தா கேன்லயும் இருக்கணுமே அண்ணே" என்றார். டேங்க் மூடியைக் கழட்டிக் காட்டினார். உள்ளே ரப்பர் வாஷர் வெடிச்சுக் கிடந்தது. அப்பதான் உறைச்சுது. களத்துல கிடந்த குறுவை நெல் நனையக் கூடாதுன்னு டிராக்டர் மேல கிடந்த தார்ப்பாயை நான்தான் உருவிட்டுப் போனேன். மூணு ராத்திரி மழை.

டேங்கை முழுசா வடிச்சு, பில்டர் ரெண்டையும் மாத்தி, குமிழி நிக்கிற வரைக்கும் கைப்பம்பு அடிச்சுக் காத்து எடுத்தார். பம்புக்கு உள்ள மசகு வேலை செய்யறதே டீசல்தானாம். தண்ணியோட ஓட்டியிருந்தா பம்பும் நாசிலும் துருப்பிடிச்சு, அந்தப் போகத்து வருமானம் அதுக்கே போயிருக்கும். ராத்திரி லைட் போட்டு உழுது முடிச்சேன். காலையில நடவு தடையில்லாம நடந்தது.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. மழையில நின்ன வண்டி திக்கித் திக்கி ஓடுனா, முதல்ல பெட்ரோலைக் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சுப் பாருங்க. பக்கத்துல நெருப்பு கூடாது. இப்போ பெட்ரோல்ல எத்தனால் கலக்கிறாங்க. அது கொஞ்சம் தண்ணியைத் தனக்குள்ளயே வாங்கிக்கும், கண்ணுக்குத் தெரியாது. அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து பிரிஞ்சு அடியில இறங்கும். அதனால பாட்டில்ல கோடு தெரியலைன்னா தண்ணியே இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க.

நடவு முடிஞ்ச அன்னைக்கே பையன் வீட்டுக்குப் போய், தப்பு என்னோடதுன்னு அவன் அப்பா அம்மா முன்னால சொன்னேன். "விடுங்க மாமா"ன்னுட்டான். இப்பவும் டீசல் வாங்கிட்டு வர்றான். ஆனா ஒவ்வொரு தடவையும் கேன்ல ஒரு பாட்டில் அளவு ஊத்தாம மிச்சம் வைக்கிறான்.

ஏன்னு நான் கேட்டதில்லை.