பழைய கார் வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு

மலிவு விலையில் பழைய கார் ஒன்று வாங்க எண்ணுகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கையில் உள்ள காசு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது திருத்த வேலைக்கென்று ஒதுக்கி வையுங்கள். விற்றவர் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவைத்த வேலைகள் எல்லாம் காரோடு சேர்ந்தே உங்கள் முற்றத்துக்கு வருகின்றன.

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்க்காரரான எங்களுக்குப் பழையதைப் பேணுவது புதிதல்ல. 2006-இல் போரால் ஊரை விட்டு ஓடினோம். கிளிவெட்டி முதலான இடங்களில் முகாம் வாழ்க்கை. 2015-இல் 818 ஏக்கரும், 2016 மார்ச்சில் கடற்படையிடமிருந்த காணியும் விடப்பட்ட பிறகுதான் பலர் சொந்தக் காணியை மிதித்தோம். கிணறு இறைப்பதா, கூரை போடுவதா என்றிருந்த காலத்தில் புதுக் காரை யார் நினைத்தது? ஆனால் கார் தேவைப்பட்டது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009-இல் திறக்கும்வரை அங்கே வாகனத்தைப் ‘பாதை’ என்ற மிதவையில் ஏற்றித்தான் அக்கரை சேர்க்க வேண்டியிருந்தது. இன்று நடுச்சாமத்தில் பிரசவ வலி என்றாலும் மூதூருக்கோ திருகோணமலைக்கோ றோட்டாலேயே போகலாம். ஓடுகிற கார் ஒன்று ஊரில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நிசான் சன்னி, மிற்சுபிசி லான்சர், ரொயோட்டா கொரோலா போன்றவற்றைத் தேடுங்கள். பாகம் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். எங்கள் கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். ஆகவே பெயின்ற் மினுக்கத்தைப் பார்க்காமல் கால்விரிப்பைத் தூக்கித் தரைத்தகட்டைப் பாருங்கள். கதவின் அடிவிளிம்பில் காந்தம் ஒட்டாவிட்டால், துரு தின்ற ஓட்டையைப் பசை அடைத்து மறைத்திருக்கிறார்கள். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் கிழமையில் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் வயது போன ரயரை நம்பாதீர்கள்.

வாங்கியதும் பாட்டுப்பெட்டிக்கும் சீற் உறைக்கும் செலவழிக்காதீர்கள். முதலில் பிரேக், அடுத்து ரயர், அதன்பிறகு எஞ்சினைக் குளிராக்கும் பாகங்கள். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, ஓட்டம் குறைவென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒயிலும் பில்டரும் மாற்றுங்கள். ரேடியேற்றருக்குள் உவர்க்கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய் அடைக்கும், கூலன்ற் ஊற்றுங்கள். வெப்ப முள் ஏறினால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூடு ஆறும்வரை மூடியைத் திறக்க வேண்டாம். ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்று விற்றவருக்குத் தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று எண்ணிப் புதிதாகப் போடுங்கள். சில எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். கடற்கரைப் பக்கம் போய்வந்தால் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தையும் கழுவுங்கள்.

கடதாசி வேலையும் பராமரிப்புத்தான். முன்னவர் கையெழுத்திட்ட படிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓடாமல், காரை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது.

பராமரிப்பின் பெறுமதியை நெருக்கடிக் காலம் காட்டியது. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு வழி திறக்க 2025 ஆயிற்று. அந்தக் காலத்தில் பழைய கார்களின் விலை மிகவும் ஏறியது. 2022-இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டை முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் என்றபோது, பிளக் சுத்தமாகவும் ரயரில் காற்றுச் சரியாகவும் வைத்திருந்தவர்கள் அதே 20 லீற்றரில் கூடுதல் தூரம் போனார்கள்.

ஒரு கொப்பி வாங்கிக் காருக்குள் வையுங்கள். என்ன வேலை, எந்தத் திகதி, எத்தனையாவது கிலோமீற்றர், எவ்வளவு காசு என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். மாதாமாதம் சிறு தொகையைக் காருக்கென்று எடுத்து வையுங்கள். பழுது வரும்வரை காத்திராமல், வருமுன் பார்க்கிற இந்தப் பழக்கம் கைவந்த பிள்ளையிடம் வீடும் வயலும் தோணியும்கூட நெடுநாள் நிற்கும்.